ஒத்தக்கடையில் எட்டு ஆண்டு நின்ற டாட்டா 207: சாவியைத் திருப்பும் முன்

வாசகர் கேள்வி, 2 ஜூன் 2024

என் சித்தப்பாவின் டாட்டா 207 டி.ஐ. பிக்கப், 2003ஆம் ஆண்டு வண்டி, ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 2016 முதல் நிற்கிறது. அதுவரை விடியற்காலையில் மல்லிகைப்பூவும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போய்வந்த வண்டி. முழங்கால் வலி வந்ததால்தான் நிறுத்தினார். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. காயலான் கடைக்காரர் மூன்று முறை வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். புதிய பேட்டரி வைத்து, 5 லிட்டர் டீசல் ஊற்றி, செல்ஃப் அடித்தால் ஓடிவிடும் என்பது என் கருத்து. டீசல் எஞ்சினில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

2 ஜூன், இரவு

தம்பி, பேட்டரி வாங்குவதைத் தள்ளிவையுங்கள். சாவியைச் சித்தப்பாவிடமே கொடுத்து, அவரே கேட்டாலும் ஒரு மாதத்துக்குத் தர வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தபடிதான் நிற்கும். அந்த வழியாக எட்டு ஐப்பசி மழையின் ஈரக்காற்று உள்ளே போய்வந்திருக்கும். சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் வழிந்து இறங்கிய பிறகு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் லைனரும் தொடுகிற இடத்தில் துரு ஏறி இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். டீசல் எஞ்சினின் செல்ஃப் மோட்டாருக்கு வலு அதிகம். அது ஒட்டிய ரிங்கைப் பிய்த்துக்கொண்டு சுற்றும், அல்லது ரிங்கை உடைக்கும்.

இது என் வீட்டில் நடந்தது. சோழவந்தானில் என் தந்தையார் தேங்காயும் வெற்றிலையும் ஏற்றிய மகிந்திரா பிக்கப், அவர் மறைவுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் தொழுவத்தில் நின்றது. 2019இல் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரின் பேட்டரியை இரவல் வாங்கி வந்து செல்ஃப் அடித்தேன். இரண்டு முறை முனகிவிட்டு, மூன்றாவது முறை உள்ளே எதுவோ முறியும் சத்தத்துடன் சுற்றியது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியபோது இரண்டாவது லைனரில் மேலிருந்து கீழ்வரை விரல் நகம் இறங்குகிற ஆழத்துக்குக் கீறல் இருந்தது. வண்டி மறுபடி ஓட ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு வாரம் பொறுத்திருந்தால் அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது.

3 ஜூன்

நேற்று எழுத விட்டுப்போனது. பானெட்டைத் திறந்தவுடன் உள்ளே கையை விடாதீர்கள். எலி குடியிருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். பகல் வெளிச்சத்தில் நீண்ட கம்பால் நான்கு மூலையிலும் தட்டிப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். டாஷ்போர்டுக்கு அடியிலும் இருக்கைக்குப் பின்னாலும் அவ்வாறே பாருங்கள்.

5 ஜூன்

தேனியிலிருந்து எழுதியிருக்கும் அன்பர், செல்ஃப் வேண்டாம் என்றால் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து, இரண்டாவது கியரில் கிளட்சை விடலாம் என்கிறார். நேற்றுவரை ஓடிய வண்டிக்கு அது பொருந்தும். நின்றுபோன எஞ்சினுக்கு அது செல்ஃபைவிடப் பெரிய ஆபத்து, ஏனென்றால் செல்ஃப் மோட்டார் ஓரளவுக்கு மேல் திணறி நின்றுவிடும், டிராக்டர் நிற்காது. அதோடு இந்த வண்டியின் பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று நம்மில் யாருக்கும் தெரியாது.

9 ஜூன், ஒத்தக்கடையிலிருந்து திரும்பிய பிறகு

தம்பி அழைத்ததன்பேரில் இன்று நேரில் போயிருந்தேன். வண்டி வேப்பமரத்தடியில், யானைமலையைப் பார்த்தபடி நிற்கிறது. நிறுத்தியபோது சித்தப்பா ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருக்கிறார். அனுபவசாலி செய்கிற காரியம் அது. இழுத்துவிட்டுப் போயிருந்தால் லைனிங் டிரம்மோடு ஒட்டி, கேபிளும் உறையோடு துருப்பிடித்திருக்கும்.

ஏர் ஃபில்டர் கூட்டைத் திறந்தபோது ஃபில்டரின் காகிதத்தில் பாதி இல்லை. மீதி இடம் முழுவதும் தேங்காய் நார், சாக்குத் துண்டு, பூக்கட்டும் வாழைநார், காய்ந்த வேப்பங்காம்பு. எலி மூன்று நான்கு தலைமுறையாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. குழாயைக் கழற்றிக் கையில் எடுத்துத் திருப்பினால்தான் தெரியும். புது ஃபில்டரை மட்டும் மாட்டியிருந்தால், அந்த ஓட்டை வழியாகத் தூசியும் நாரும் நேரே சிலிண்டருக்குள் போயிருக்கும். வயரிங்கில் ஹெட்லைட்டுக்குப் போகும் கட்டை எலி கடித்திருக்கிறது. செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிள் தப்பியிருக்கிறது.

டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நான்கு நாசில்களையும் கழற்றினோம். மூன்று எளிதில் வந்தன. நான்காவது வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கழற்றிய துளைகளில் டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து, துளைக்கு 50 மில்லி வீதம் ஊற்றி, துணியால் அடைத்துவிட்டு வந்திருக்கிறோம். அடுத்த ஞாயிறுவரை யாரும் தொட வேண்டாம். நாசிலுக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர்களைப் பழையதையே திரும்பப் போடக்கூடாது. ஒரு முறை நசுங்கிய செம்பு மறுமுறை அழுத்தத்தை அடைக்காது.

10 ஜூன்

நேற்று எழுதியதோடு ஒரு சேர்க்கை. எண்ணெய் ஊற்றுவதைப் படித்துவிட்டு, நாசிலை மாட்டிய நிலையில், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு வழியாக ஊற்றினால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. திரவம் அமுங்காது. பிஸ்டனுக்கு மேல் எண்ணெய் தங்கிய நிலையில், வெளியேற வழியில்லாமல் எஞ்சினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில் துளை திறந்திருந்தால் அந்த எண்ணெய் துளை வழியே பீய்ச்சி வெளியே வரும். அப்போது முகத்தை மேலே நீட்டாமல் துணியைப் போட்டு மூடிக்கொண்டால் போதும்.

16 ஜூன்

இன்று எஞ்சினைக் கையால் சுற்றினோம். நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பானரைப் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே மெதுவாக அழுத்தினோம். முதலில் அசையவில்லை. உடம்பின் எடையைப் போடாமல், கை வலுவை மட்டும் வைத்து, கொஞ்சம் முன்னும் கொஞ்சம் பின்னுமாக ஆட்டினோம். ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்து ஒரு விரற்கடை நகர்ந்தது. ஆனால் அதற்குமேல் மிகவும் கனமாகவே வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பர் தேய்கிற சத்தம் கேட்டது.

நான் ரிங் பிடித்திருக்கிறது என்றே முடிவுகட்டி, இன்னும் ஒரு வாரம் ஊறவிடலாம் என்றேன். திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, ‘பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள்’ என்றார். கழற்றினோம். ஸ்பானர் இரண்டு விரலுக்கு வந்தது. பிடித்திருந்தது, பெல்ட்டில் சுற்றி பேட்டரிக்கு மின்னேற்றும் டைனமோவின் பேரிங். எஞ்சின் சுற்றும்போதெல்லாம் பெல்ட் அந்த அசையாத புல்லியின் மேல் வழுக்கியிருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: கையால் சுற்றுவதற்கு முன் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். என் முதல் குறிப்பிலேயே இது இருந்திருக்க வேண்டும்.

நான்கு சிலிண்டரிலும் எண்ணெய் பீய்ச்சியது. முதலில் வந்தது செங்காவி நிறம். பத்துச் சுற்றுக்குப் பிறகு கருப்பாயிற்று. செங்காவி என்பது துரு. கருப்பு வரும்வரை எண்ணெய் ஊற்றிச் சுற்றினோம்.

17 ஜூன்

காற்றுக் குழாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும் என்று எழுதியிருப்பவருக்கு: தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் ஆவி டீசல் எஞ்சினில் நேரம் தவறி வெடிக்கும். துருவிலிருந்து அப்போதுதான் விடுபட்ட ரிங் அந்த அடியைத் தாங்க வேண்டியதில்லை. குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்ப உதவும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். பீஜோ எஞ்சின் போட்ட பழைய மகிந்திரா ஜீப்புகளுக்கு அது சரி. இந்த வண்டியில் டீசல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. தேடிப் பார்த்தோம், ஹீட்டர் பிளக் இல்லை. மதுரை வெயிலில் அதற்கான தேவையும் குறைவு.

23 ஜூன்

டீசல் டேங்க். இன்றைய நாள் முழுவதும் இதற்கே போயிற்று.

டீசல் பெட்ரோலைப் போல ஓராண்டில் வீணாகாது என்பது உண்மைதான். ஆனால் பாதி காலியான டேங்கில் பகல் சூட்டிலும் இரவுக் குளிர்ச்சியிலும் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து, நீராகி, அடியில் தங்கும். டீசலைவிட நீர் கனமானது. அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையிலான எல்லையில் நுண்ணுயிர்கள் வளரும். அவை டீசலைத் தின்று கருஞ்சளியைப் போன்ற கசடை உண்டாக்கும். அடி நட்டைத் திறந்தபோது முதலில் நீர் வந்தது, பிறகு அந்தக் கசடு வந்தது, கடைசியில்தான் டீசல் வந்தது. மொத்தம் 11 லிட்டர். அழுகிய முட்டை வாடை தோட்டம் முழுவதும் அடித்தது. தம்பி சொன்னபடி 5 லிட்டர் புது டீசலை இதன்மேல் ஊற்றிச் செல்ஃப் அடித்திருந்தால், இந்தக் கசடு முழுவதும் பம்புக்கும் நாசிலுக்கும் போயிருக்கும்.

டேங்கை இறக்கி, கழுவி, வெயிலில் உலர்த்தியிருக்கிறோம். அதில் சிறு துருத்துளை ஒன்று தெரிகிறது. அதைப் பற்றவைக்க எந்தப் பட்டறைக்குக் கொடுத்தாலும், உள்ளே டீசல் இருந்த டேங்க் என்பதை வாயால் சொல்லிக் கொடுங்கள். காலி டேங்கின் ஆவிதான் வெடிக்கும். அதுவரை எஞ்சினுக்கு டீசல் வர, வேப்பமரக் கிளையில் 5 லிட்டர் கேனைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஃபில்டருக்கு ஒரு குழாயும், எஞ்சினிலிருந்து திரும்பும் டீசலுக்கு அதே கேனுக்கு இன்னொரு குழாயும் போடலாம்.

நாசில்களை நகரில் உள்ள ஒரு டீசல் பம்புப் பட்டறையில் கொடுத்திருக்கிறோம்.

30 ஜூன்

பிரேக் வேலை. எஞ்சினுக்கு முன்பே இதை முடிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் வீட்டில் இருக்கிற இளைஞர்கள் தெருமுனைவரை ஓட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

பின்சக்கர டிரம்மைக் கழற்றினால் இரண்டு வீல் சிலிண்டர்களும் கல்லாகிவிட்டிருந்தன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. எட்டு ஆண்டு உறிஞ்சிய ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரித்துவிட்டது. ரப்பர் வாஷரை மட்டும் மாற்றி மிச்சம்பிடிக்கலாம் என்று தம்பி கேட்டார். அரித்த சுவரில் புது ரப்பர் ஒரு மாதத்தில் கிழியும். சிம்மக்கல்லில் புது சிலிண்டர்களே வாங்கி வந்தோம். ஹோஸ்கள் நான்கும் புதிது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியின் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்), டைனமோவின் பின்னால் இருக்கும் பம்பிலிருந்து வருகிறது. எஞ்சின் நின்ற நிலையில் கட்டி இழுக்கும்போது அந்த உதவி இருக்காது. பெடல் மரக்கட்டையை மிதிப்பதைப் போல இருக்கும். டைனமோவைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது அந்தப் பம்பையும் சேர்த்தே பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

7 ஜூலை

ரேடியேட்டரிலிருந்து வந்தது செம்மண் குழம்பு. சித்தப்பா ஆழ்குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்திருக்கிறார். எங்கள் ஊர் உப்புத்தண்ணீர் சோற்றுப் பானையில் வெள்ளைப் படிவம் கட்டுவதைப் போல ரேடியேட்டர் குழாய்களிலும் கட்டும். ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்று ரேடியேட்டர் பட்டறைக்காரர் எச்சரித்தார். மேல் கீழ் தொட்டிகளைக் கழற்றிக் கம்பியால் ஒவ்வொரு குழாயாகக் குத்தி எடுத்துக் கொடுத்தார். அரை நாள் வேலை. இனிமேல் காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் மட்டும்.

எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாயிற்று. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கிறது. பெடலை மிதித்தாலும் விடவில்லை. பெடலை முழுக்க அழுத்தி, அதற்கும் இருக்கைக்கும் நடுவில் மரக்கட்டை ஒன்றை நிறுத்திவைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

8 ஜூலை

காலையில் தம்பி தொலைபேசியில் அழைத்தார். இரவு இரண்டு மணிக்கு வண்டிப் பக்கம் ‘டக்’ என்று சத்தம் கேட்டதாம். கிளட்ச் விட்டுவிட்டது.

14 ஜூலை

இன்று வண்டி ஓடியது.

அவசரப்படாமல் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் வருகிறவர்களுக்கு இதுதான் பயன்படும். புது பேட்டரி, அளந்தபோது 12.6 வோல்ட். எஞ்சின் மேல், வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகளை மூடியிருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, டீசல் போகாதபடி நிறுத்திவைத்து, பத்து வினாடி செல்ஃப், ஒரு நிமிடம் ஓய்வு என்று ஆறு முறை அடித்தோம். ஐந்தாவது முறையில் ஆயில் விளக்கு அணைந்தது. ராக்கர் கைகளின் மேல் புது எண்ணெய் தேனைப் போல ஊறி வழிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைப் போட்டோம்.

அடுத்து ஏர் எடுப்பது, அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை கைப் பம்பை அடித்தோம். பிறகு நாசில் குழாய் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திச் செல்ஃப் அடித்து, ஒவ்வொன்றிலும் டீசல் கசிந்தவுடன் இறுக்கினோம். கசிகிற இடத்தில் விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

தம்பியின் கையில் ஒரு பலகையைக் கொடுத்து, காற்றுக் குழாயின் வாய்க்கருகில் நிற்கச் சொன்னேன். டீசல் பம்பின் உள்ளே இருக்கும் பாகம் முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகலாம். அப்போது காற்றை அடைப்பதுதான் வழி. கையால் அடைக்கக்கூடாது, பலகையால் அடைக்க வேண்டும். அதற்குத் தேவை வரவில்லை.

நான்காவது முறை பிடித்துக்கொண்டது. வெண்புகை வேப்பமரத்தை மறைத்தது. மூன்று நிமிடத்தில் மெலிந்தது. ஆனால் ஓட்டத்தில் ஒரு நொண்டல் இருந்தது. சித்தப்பா ஊன்றுகோலுடன் எழுந்து வந்து, ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் தளர்த்தி இறுக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். முதலாவதைத் தளர்த்தினால் சத்தம் தளர்ந்தது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தியபோது எந்த மாற்றமும் இல்லை. ‘மூன்றாவது வேலை செய்யவில்லை’ என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் காயலான் கடை என்ற பேச்சை மறுபடி எடுக்க மாட்டார்கள்.

21 ஜூலை

மூன்றாவது நாசிலைக் கழற்றிப் பார்த்தால் முனையில் பழைய கரி அப்படியே இருக்கிறது. நான்கையும் சுத்தம் செய்து அழுத்தம் பார்த்ததாகப் பட்டறையில் பணம் வாங்கியிருந்தார்கள். திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது மறுக்காமல் செய்து கொடுத்தார்கள் என்றாலும், ஒரு வாரம் வீண். நாசிலை வாங்கும்போது, சோதனைக் கருவியில் மாட்டி உங்கள் கண் முன்னால் தெளித்துக் காட்டச் சொல்லுங்கள். பனியைப் போல விரிய வேண்டும், சொட்டக்கூடாது. இன்று நான்கும் சமமாக ஓடுகின்றன.

28 ஜூலை

காகிதங்களைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். இது சரக்கு வண்டி. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி, மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 56ஆம் பிரிவின்படி, முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. வேண்டும். 15 ஆண்டு கடந்தவற்றுக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பெரிதும் உயர்ந்திருக்கிறது. அதையும் நின்ற காலத்து வரி நிலுவையையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக் கணக்கில் சேர்த்த பிறகே வண்டியில் இன்னும் பணம் போடலாமா என்று முடிவு செய்யுங்கள். எங்கள் தம்பி இதைக் கடைசியில் கேட்டார்; முதல் வாரமே கேட்டிருக்கலாம். நானும் சொல்லத் தவறினேன்.

மூன்றாம் நபர் காப்பீடு 146ஆம் பிரிவின்படி கட்டாயம். அது கைக்கு வரும்வரை வண்டி தோட்டத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. விற்றுவிடலாம் என்று முடிவு செய்கிறவர்களும், ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) ரத்து செய்யாமல் காயலான் கடைக்குக் கொடுக்க வேண்டாம். வண்டி துண்டாகிப் போனாலும் பெயர் உங்களுடையதாகவே இருக்கும்.

11 ஆகஸ்ட்

டயர்கள். பட்டன் (டயரின் மேல்வரிப் பள்ளம்) ஆழமாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்கிறார் தம்பி. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. உங்கள் பின் டயரில் 2313 என்று இருக்கிறது, அதாவது 2013ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பக்கச் சுவரை அழுத்தி மடக்கிப் பாருங்கள், வறண்ட கண்மாயின் தரையைப் போல வெடிப்பு தெரியும். காலி வண்டியில் தாங்கும். ஒரு டன் ஏற்றி, மேலூர் நான்குவழிச் சாலையில், பங்குனி வெயிலில் தாங்காது.

15 செப்டம்பர்

எஃப்.சி. கிடைத்துவிட்டது. ஹேண்ட்பிரேக் கேபிளை ஒருமுறை இறுக்கிவிட்டு வரச் சொன்னதைத் தவிர வேறு குறை சொல்லவில்லையாம். நேற்று விடியற்காலை சித்தப்பா பக்கத்தில் அமர, தம்பி ஓட்ட, ஆறு மூட்டை கத்தரிக்காயுடன் மாட்டுத்தாவணி போய்வந்திருக்கிறார்கள்.

டைனமோவின் அடியில் எண்ணெய் ஈரம் தெரிகிறது என்று தம்பி படம் அனுப்பியிருக்கிறார். அது வாக்குவம் பம்புக்குப் போகும் எண்ணெய்க் குழாய். நாம் மாற்றாமல் விட்ட ஒரே ரப்பர் அதுதான். கிளிப்பை இறுக்கிச் சமாளிக்க வேண்டாம், அறுந்தால் எஞ்சின் ஆயில் முழுவதும் சாலையில் போய்விடும். அடுத்த ஞாயிறு நான் குழாய் வாங்கி வருகிறேன். அதே படத்தின் ஓரத்தில் ஸ்டெப்னி தெரிகிறது. அதையும் கழற்றி வையுங்கள். அது 2012ஆம் ஆண்டு டயர்.